சகுனி வேறு, நளன் வேறு: நெவாடா சூதாட்ட ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

நெவாடா சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மூவருக்கும், நெவாடா சூதாட்ட ஆணையத்தின் ஐவருக்கும் வணக்கம்.

நான் நியூ ஜெர்சியில் கணிதம் கற்பிக்கிறேன். பிறந்து வளர்ந்தது நாகர்கோவில். இந்த மடலின் ஆங்கில வடிவத்தை உங்களுக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. விடுமுறைக்கு உங்கள் மாநிலத்தின் லாஸ் வேகஸ் போகும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. சீட்டை எண்ணி ஆடுபவரை எழுப்பிவிடலாம் என்ற எழுதாத விதி ஒன்று அந்த மேசைகளில் இருப்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், லாஸ் வேகஸில் ஒரு கேசினோவின் பிளாக்ஜாக் மேசையில் உட்கார்ந்தேன். கையில் உள்ள சீட்டுகளின் கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டாமல் டீலரை மிஞ்ச வேண்டிய ஆட்டம் அது. கேசினோவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வேறு எங்கே உட்கார்ந்திருந்தாலும் அநேகமாக இதுவேதான் நடந்திருக்கும். குறைந்தபட்சப் பந்தயம் 25 டாலர். விழுகிற சீட்டுகளை மனதுக்குள் எண்ணிக்கொண்டே ஆடினேன். மிச்சமிருக்கும் சீட்டு எனக்குச் சாதகம் என்று கணக்கு சொன்னால் 100, 150 என்று வைத்தேன். இல்லையென்றால் 25 மட்டும். நாற்பது நிமிடத்தில் 340 டாலர் லாபம் சேர்ந்திருந்தது. அப்போது யாரோ தோளைத் தொட்டார்கள். திரும்பினால் கோட்டு போட்ட இருவர். "உங்கள் ஆட்டம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. வேறு எது வேண்டுமானாலும் ஆடுங்கள், பிளாக்ஜாக் மட்டும் வேண்டாம்" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அடையாள அட்டை கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. "பரவாயில்லை, படம் எங்களிடம் இருக்கிறது" என்று ஒருவர் கூரையைக் காட்டினார். மறுபடி இந்த மேசையில் பார்த்தால் கட்டடத்தை விட்டே அனுப்புவோம், அதற்குப் பிறகும் வந்தால் அத்துமீறி நுழைந்ததாக வழக்கு வரும் என்று விளக்கினார்கள்.

என் பக்கத்து நாற்காலியில் ஒரு முதியவர் இருந்தார். டீலர் 6 காட்டும்போது கையில் 16 வைத்துக்கொண்டு இன்னொரு சீட்டு கேட்பார். பெரும்பாலும் 21-ஐத் தாண்டிவிடும். நான் இருந்த நாற்பது நிமிடத்தில் இரண்டு முறை எழுந்து ஏடிஎம்முக்குப் போய் வந்தார். மூன்று முறை அவருக்கு விஸ்கி வந்தது, இலவசமாக. போதும் ஐயா, கொஞ்சம் எழுந்து வெளியே நடந்துவிட்டு வாருங்கள் என்று யாரும் அவர் தோளைத் தொடவில்லை. என்னைக் கண்டுபிடித்த அதே கேமரா அவரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து என்னை உறுத்துவது இதுதான். சீட்டு எண்ணுவது தவறா? தவறு என்றால் யாருக்குச் செய்த தவறு?

சீட்டு எண்ணுவது என்றால் என்ன என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இதைப் படிக்கும் பலர், அது ஏதோ அபார ஞாபகசக்தி உள்ளவர்கள் செய்யும் மாயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. ஆறு கட்டு சேர்த்தால் 312 சீட்டு. அதில் பத்து மதிப்புள்ளவை 96, ஏஸ் 24. பகடைக்கும் ரூலெட் சக்கரத்துக்கும் ஞாபகம் கிடையாது. போன முறை என்ன விழுந்தது என்பது அடுத்த முறையைத் தொடாது. சீட்டுப்பெட்டி அப்படியில்லை. வெளியே வந்துவிட்ட சீட்டு, கலைத்துப் போடும்வரை உள்ளே திரும்பாது. எனவே 2 முதல் 6 வரை எந்தச் சீட்டு விழுந்தாலும் ஒன்று கூட்ட வேண்டும். பத்தோ ராஜா, ராணி, ஜாக்கியோ ஏஸோ விழுந்தால் ஒன்று கழிக்க வேண்டும். 7, 8, 9-ஐ விட்டுவிடலாம். நான்கு கட்டு முடிந்து இரண்டு கட்டு மிச்சம் இருக்கும்போது கணக்கு கூட்டல் ஆறு என்றால், ஆறை இரண்டால் வகுத்தால் மூன்று. பெரிய சீட்டுகள் உள்ளே அதிகம் தங்கியிருக்கின்றன என்று அர்த்தம். அப்போது ஆட்டக்காரர் பக்கம் சுமார் ஒரு சதவீதச் சாதகம். நூறு டாலர் வைத்தால், நீண்ட நாள் சராசரியில் ஒரு டாலர். அவ்வளவுதான். அந்த ஒரு டாலரைப் பார்ப்பதற்குள் நூறுகள் பல வந்து போகும். எண்ணத் தெரிந்தவர்களிலேயே பலர் பொறுமையிழந்தும் கையிருப்பு தீர்ந்தும் நஷ்டத்தோடு எழுந்து போகிறார்கள்.

நாலாம் வகுப்புக் கூட்டல் கழித்தல். அதற்குத்தான் கூரையில் கேமரா.

எங்கள் ஊரில் கோடை விடுமுறையில் மாமா வீட்டுத் திண்ணையில் இருபத்தெட்டு ஆடுவோம். ஜாக்கிக்கு மூன்று, ஒன்பதுக்கு இரண்டு, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று, மொத்தம் இருபத்தெட்டுப் புள்ளி. மாமா எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம், "விழுந்த துருப்ப எண்ணுலே மக்கா. எண்ணாம ஆடுதவன் கூட்டாளிக்கும் சேத்து குழி தோண்டுதான்." எதிரே உட்கார்ந்திருப்பவரும் எண்ணுவார் என்று எல்லோருக்கும் தெரியும். சீட்டாட்டம் என்றாலே அதுதான்.

இந்தியாவின் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லியிருக்கிறது. 1968-ல் ஆந்திரத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், ரம்மி அதிர்ஷ்டத்தை மட்டும் நம்பிய ஆட்டமல்ல, பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று தீர்ப்பானது. நீதிபதிகள் காட்டிய காரணங்களில் ஒன்று, விழுந்த சீட்டுகளை ஆட்டக்காரர் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பது. அங்கே ஒரு ஆட்டத்தைச் சூதாட்டம் என்ற பழியிலிருந்து காப்பாற்றிய அதே செயலுக்காக, உங்கள் மாநிலத்தில் ஒருவரை மேசையிலிருந்து எழுப்புகிறார்கள்.

எங்கள் பக்கத்துக் கதைகளில் சூதாடி நாட்டை இழந்த ராஜாக்கள் இருவர், தருமனும் நளனும். தருமன் எதிரில் இருந்தது சகுனி. அவன் கையில் உருண்ட பகடை அவன் சொன்னபடி கேட்டது என்பார்கள். நளன் கதை வேறு. நாடிழந்து, காட்டில் அலைந்து, உருமாறி, இருதுபன்னன் என்ற அரசனுக்குத் தேரோட்டியாக இருக்கிறான். ஒருநாள் தேர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வழியில் நின்ற தான்றிமரத்தைப் பார்த்து இதில் இத்தனை காய் என்று இருதுபன்னன் சொல்கிறான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான். சரியாக இருக்கிறது. அந்த எண்ணும் வித்தையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பதிலுக்குத் தன் தேர்வித்தையைக் கொடுக்கிறான். பிறகு, முன்பு தன்னைச் சூதில் வென்ற புட்கரனோடு மறுபடி ஆடி நாட்டை மீட்கிறான். பழங்காலத்தில் சூதுக்காய்களாக இருந்தவை தான்றிக் கொட்டைகள்தாம் என்பது தெரிந்தால் கதை இன்னும் ஆழமாகும். நளன் எதையும் மாற்றவில்லை. எண்ணக் கற்றுக்கொண்டான். எங்கள் பாட்டிமார் யாரும் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, நளன் செய்தது ஏமாற்று என்று சொன்னதில்லை.

உங்கள் சட்டமும் இந்த வித்தியாசத்தை அறிந்த சட்டம்தான். ஆட்டத்தின் முடிவைத் தீர்மானிக்கும் அம்சங்களை மாற்றுவதுதான் நெவாடாவில் ஏமாற்று. 1983-ல் உங்கள் மாநில உச்ச நீதிமன்றம் இதை விளக்கியபோது, ஆட்டத்தின் இயல்பையும் அடிப்படை விதிகளையும் குலைப்பதுதான் குற்றம் என்ற திசையில்தான் பேசியது. மேசையில் எல்லோர் கண் முன்னும் விரித்த சீட்டைப் பார்த்து யோசிப்பது அதற்குள் வராது. கோடு எங்கே போகிறது என்பதில் எனக்கும் உங்களுக்கும் பெரிதாகக் கருத்து வேறுபாடு இருக்காது. சீட்டில் குறி வைப்பது திருட்டு. டீலரோடு கள்ளக்கூட்டு வைப்பதும் திருட்டு. காலணிக்குள் கணினி வைத்துக்கொண்டு ஆடியவர்கள் இருந்தார்கள். 1985-ல் உங்கள் மாநிலம் கருவிகளைத் தடை செய்தது, அது நியாயம். லண்டன் கேசினோ ஒன்றில் பில் ஐவி என்ற தொழில்முறைச் சூதாட்டக்காரர் சீட்டின் பின்புற வடிவத்தில் இருந்த சிறு வித்தியாசத்தைப் பயன்படுத்தி 77 லட்சம் பவுண்டு ஜெயித்த வழக்கில், 2017-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அதை ஏமாற்று என்றது. அதையும் நான் ஏற்கிறேன். காரணம், சீட்டுகளைத் தனக்கு வேண்டியபடி திருப்பி வைக்க டீலரையே அவர் பயன்படுத்தினார். சீட்டின் அமைப்பு அங்கே மாறியது. மனதுக்குள் கூட்டிக் கழிப்பவர் எதைத் தொட்டார், எதை மாற்றினார்?

சரி, குற்றமில்லை என்றால் ஏன் எழுப்புகிறார்கள்? இங்கேதான் உங்கள் பொறுப்பு வருகிறது. உங்கள் சட்டத்தொகுப்பின் 463-ம் அத்தியாயம், ஆட்டங்கள் நேர்மையாக நடக்கின்றன என்ற மக்கள் நம்பிக்கையில்தான் இந்தத் தொழில் நிற்கிறது என்கிறது. அதே பிரிவு, யாரையும் எந்தக் காரணத்துக்காகவும் வெளியேற்ற ஒரு கேசினோவுக்கு இருக்கும் பழைய பொதுச்சட்ட உரிமையை, அதாவது நீதிமன்றத் தீர்ப்புகளின் வழி வந்த உரிமையை, தொடாமல் விட்டுவிடுகிறது. இந்த இரண்டும் ஒரே வீட்டில் எப்படிக் குடியிருக்கும்? ஜெயிக்க வாய்ப்புள்ளவரை எழுப்பிவிட்டு, மிச்சப் பேரோடு மட்டும் நடத்தும் ஆட்டத்துக்கு நேர்மையான ஆட்டம் என்று எப்படி முத்திரை குத்துகிறீர்கள்?

கேசினோவின் கடையிலேயே ஒரு சின்ன அட்டை விற்கிறார்கள். எந்தக் கைக்கு என்ன செய்ய வேண்டும் என்று கட்டம் போட்டிருக்கும். அதை மேசையில் வைத்துப் பார்த்தே ஆடலாம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அதன்படி பிசகாமல் ஆடினால், நல்ல விதிகள் உள்ள மேசையில் கேசினோவின் சாதகம் சுமார் அரை சதவீதமாகக் குறையும். அதுவும் யோசித்து ஆடுவதுதானே? 1950-களில் அமெரிக்காவின் அபர்டீன் ராணுவத் தளத்தில் இருந்த நான்கு இளைஞர்கள் மேசைக் கணக்குப்பொறியைத் தட்டித் தட்டிக் கண்டுபிடித்த கணிதத்தின் வழி வந்தது அது. அந்த அரை சதவீதம் வரை உங்கள் மூளையைப் பயன்படுத்தலாம். அதைத் தாண்டி, பூஜ்யத்தைக் கடந்து ஆட்டக்காரர் பக்கம் ஒரு மயிரிழை சாய்ந்தால் வெளியே. இதை ஒழுக்கம் என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். பூஜ்யத்தில் கோடு போடுவது கல்லாப்பெட்டியின் கணக்கு.

கேசினோக்களுக்கு இந்தக் கணிதத்தால் வந்த லாபத்தையும் சொல்ல வேண்டும். எட்வர்ட் தோர்ப் என்ற கணிதப் பேராசிரியர் அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கழகத்தில் ஐபிஎம் 704 கணினியை ஓட்டி, இந்த ஆட்டத்தை ஜெயிக்க முடியும் என்று 1961-ல் கட்டுரையாக எழுதினார். மறு ஆண்டு புத்தகமாக்கினார். பயந்துபோன லாஸ் வேகஸ் கேசினோக்கள் 1964 ஏப்ரலில் விதிகளை இறுக்கின. ஆட்டக்காரர்கள் மேசையை விட்டு நகர்ந்தார்கள். சில வாரங்களிலேயே பழைய விதி திரும்பி வந்தது. ஜெயிக்கலாம் என்று நம்பி வந்து, அரைகுறையாக எண்ணித் தோற்றவர்கள்தான் அதன் பிறகு அந்த மேசைகளை நிரப்பினார்கள். ஜெயிக்க முடியும் என்ற நம்பிக்கையை விற்கிறார்கள். அதை நிஜமாக்குபவரை மட்டும் அனுப்பிவிடுகிறார்கள்.

எதிர்வாதங்களில் பலமானது, தனியார் சொத்து என்பது. என் வீட்டுக்கு யார் வரலாம் என்று நான்தான் முடிவு செய்வேன் என்ற வாதம். நான் வாழும் நியூ ஜெர்சியில் இதே கேள்வி நீதிமன்றம் போனது. கென் யூஸ்டன் என்பவர் பசிபிக் பங்குச்சந்தையில் துணைத் தலைவராக இருந்தவர். சீட்டு எண்ணுகிறார் என்று 1979-ல் அட்லாண்டிக் சிட்டியின் ரிசார்ட்ஸ் கேசினோ அவரை வெளியேற்றியது. வழக்கு மேலே மேலே போய், 1982-ல் மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆட்ட விதிகளை வகுக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு, கேசினோவுக்கு அல்ல. லாபத்துக்காகப் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்து வைத்தவர் நியாயமில்லாமல் ஒருவரை மட்டும் வெளியே நிறுத்த முடியாது என்பது அதன் சாரம். எனக்கு இது பொருத்தமாகப் படுகிறது. கேசினோ யாரும் நினைத்தவுடன் திறக்கும் கடையல்ல. உரிமம் என்பது நீங்கள் கொடுக்கும் சலுகை, திரும்பப் பெறக்கூடிய சலுகை என்று உங்கள் சட்டமே சொல்கிறது. மொத்த வரவில் 6.75 சதவீதம் வரை மாநிலம் வரியாக எடுக்கிறது. அரசு இவ்வளவு தூரம் உள்ளே இருக்கும் இடத்தை என் வீட்டு வரவேற்பறையோடு ஒப்பிட முடியாது.

எண்ணுபவர்களை விட்டால் கேசினோக்கள் திவாலாகிவிடும் என்று அப்போதும் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பு வந்து நாற்பது ஆண்டுக்கு மேலாகிறது. 2014-ல் அட்லாண்டிக் சிட்டியில் நான்கு கேசினோக்கள் மூடின, உண்மைதான். அண்டை மாநிலங்களில், முக்கியமாகப் பென்சில்வேனியாவில், புதிய கேசினோக்கள் வந்து கூட்டத்தை இழுத்தது அதற்குப் பெரிய காரணம். எண்ணுபவர்கள் மூடிய கேசினோ ஒன்றுகூட எனக்குத் தெரிந்து இல்லை.

அங்கே கேசினோ கையைக் கட்டிக்கொண்டு நிற்கவும் இல்லை. எண்ணுபவர் என்று சந்தேகம் வந்தால் டீலர் பாதியிலேயே சீட்டைக் கலைத்துப் போடலாம், பந்தய உச்சவரம்பைக் குறைக்கலாம். 1998-ல் இன்னொரு வழக்கிலும் அந்த மாநிலத்தில் இந்தப் பிரச்சினைகளைத் தீர்க்க வேண்டிய இடம் ஆணையம்தான் என்றே முடிவானது. எனக்கே அட்லாண்டிக் சிட்டியில் இது நடந்திருக்கிறது. நான் 100 டாலர் வைத்ததும் கலைத்துவிட்டார்கள். ஏமாற்றமாக இருந்தது, ஆனால் அவமானமாக இல்லை. அவர்கள் ஆட்டத்தை வைத்து ஆட்டத்துக்குப் பதில் சொன்னார்கள்.

உங்கள் மாநிலத்திலும் இந்த வழிகள் எல்லாம் ஏற்கெனவே திறந்துதான் இருக்கின்றன. ஓயாமல் கலைத்துக்கொண்டே இருக்கும் இயந்திரம் வைத்தால் எண்ணுவதற்கே ஒன்றும் இருக்காது. முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால், அதாவது பிளாக்ஜாக் விழுந்தால், 3-க்கு 2 என்று கொடுத்ததைப் பல மேசைகளில் 6-க்கு 5 ஆக்கிவிட்டார்கள். பத்து டாலருக்கு 15 கிடைத்த இடத்தில் 12. இது ஒன்றே கேசினோவின் சாதகத்தைச் சுமார் 1.4 சதவீதம் கூட்டிவிடுகிறது. இதில்கூட எனக்கு வழக்கில்லை. மேசை விரிப்பில் அச்சடித்திருக்கிறது, பிடிக்காதவர் உட்கார வேண்டாம். 'யோசித்து ஜெயிப்பவருக்கு இடமில்லை' என்ற விதியை மட்டும் ஏன் எந்த விரிப்பிலும் அச்சடிப்பதில்லை?

என் பக்கத்தில் எனக்கே உறுத்தும் இரண்டு விஷயங்களை மறைக்காமல் சொல்கிறேன்.

ஒன்று, வேடம். கூட்டமாக எண்ணுபவர்கள் ஒருவரையொருவர் தெரியாததுபோல் நடிப்பதும், குடித்தவர்போல் தள்ளாடுவதும், பொய்ப் பெயர் சொல்வதும் உண்டு. எம்ஐடி மாணவர்கள் குழு குழுவாக ஆடிய காலத்தில் இது ஒரு கலையாகவே வளர்ந்தது. பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது, என் மாணவர்களுக்கு அதைப் பரிந்துரைக்கவும் மாட்டேன். ஆனால் இந்த வேடம் எதிலிருந்து பிறந்தது என்று பாருங்கள். எண்ணினால் வெளியேற்றுவார்கள் என்பதால் எண்ணாததுபோல் நடிக்கிறார்கள். தடையை எடுத்தால் நடிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் போய்விடும்.

இரண்டாவது உறுத்தல் இன்னும் ஆழமானது. எனக்குக் கிடைத்த 340 டாலரை கேசினோ அச்சடிக்கவில்லை. அது அந்த முதியவரைப் போன்றவர்கள் தோற்ற பணம். சூதில் வந்த காசு வீட்டுப் படி ஏறக்கூடாது என்பார் என் அம்மா. அவரிடம் இந்தக் கதையை நான் இன்னும் சொல்லவில்லை. எண்ணுவது நல்ல தொழில் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்கும் தகுதி என் அம்மாவுக்கு உண்டு, கேசினோவுக்கு இல்லை.

வெளியேற்றுவதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. குற்றம் எதுவும் செய்யாதவர்களின் படங்களைத் தொகுத்து கேசினோக்களுக்கு விற்ற ஒரு துப்பறியும் நிறுவனம் பல பத்தாண்டுகள் உங்கள் மாநிலத்தில் இயங்கியது. ஏமாற்றுக்காரர்களும், வெறுமனே திறமையாக ஆடியவர்களும் ஒரே தொகுப்பில் இருந்தார்கள். ஆட்டக்காரர்கள் இருவர் தொடுத்த அவதூறு வழக்கில் தோற்று, 2005-ல் அது திவால் மனு போட்டது. இன்று அந்தத் தொகுப்புக்குப் பதில் முகத்தை அடையாளம் காணும் மென்பொருள். என் முகம் இப்போது எத்தனை கட்டடங்களில் இருக்கிறது? அதை நீக்கச் சொல்லி நான் யாரிடம் கேட்பது? சகுனியையும் நளனையும் ஒரே பட்டியலில் சேர்ப்பதை நீங்கள் எப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்?

நான் கேட்பது பெரிதல்ல. கருவி எதுவும் இல்லாமல், தன் மூளையை மட்டும் வைத்து ஆடும் ஒருவரை அந்தக் காரணத்துக்காக மட்டும் வெளியேற்றக் கூடாது என்று விதி செய்யுங்கள். கலைத்துப் போடும் உரிமையையும் பந்தயத்தைக் கட்டுப்படுத்தும் உரிமையையும் கேசினோவுக்கே விட்டுவிடுங்கள். ஆனால் அது மேசையில் எழுதியிருக்கட்டும். உங்கள் அதிகாரத்துக்குள் வராது, சட்டமே மாற வேண்டும் என்றால், ஒற்றைப்படை ஆண்டுகளில் 120 நாள் கூடும் உங்கள் சட்டமன்றத்துக்கு நீங்களே பரிந்துரை அனுப்புங்கள். குற்றம் செய்யாதவரின் படத்தை ஒரு கேசினோ இன்னொன்றுக்குக் கொடுப்பதை நிறுத்துங்கள்.

அப்புறம், அந்தக் கேமராக்கள். நாற்பது நிமிடத்தில் என் பந்தயம் 25-லிருந்து 150-க்கு ஏறியதைக் கவனித்து ஆள் அனுப்ப முடிந்ததே. ஒருவர் இரண்டாம் முறை ஏடிஎம்முக்கு நடப்பதையும் அதே கண்ணால் கவனிக்க முடியும். அப்போதும் யாராவது மேசைக்கு வந்து மரியாதையாகத் தோளைத் தொட வேண்டும் என்று உரிமத்தின் நிபந்தனையாக எழுதுங்கள்.

உங்கள் கூட்டங்களில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குகிறீர்கள். கோடை விடுமுறை தொடங்கியதும் வந்து என் முறைக்குக் காத்திருப்பேன்.

இப்படிக்கு,
நாகர்கோவிலில் எண்ணக் கற்றுக்கொண்ட ஒரு கணித ஆசிரியர்
நியூ ஜெர்சி